வாசல் முத்திரை

ஃபுஷிமி
ஏப்ரல் 20

அன்புள்ள இத்சுமிக்கு,

செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து கால்வாயோடு போய்விட்டது. இங்கே விடியற்காலையில் மட்டும் லேசான குளிர். ஹிரோசாகியில் இன்னும் கம்பளிச் சட்டைதான் என்று நினைக்கிறேன். உன் அப்பாவுக்கு எப்படி இருக்கிறது? விழுந்த இடத்தில் வீக்கம் வடிந்ததா? நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அவருக்கு ஊட்டிவிட்டு நீ நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியாதா.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. தம்பி ஹகாதா துறைமுக வேலையிலிருந்து மாதம் ஒரு தடவை வருகிறான், அழுக்குத் துணியைக் கொட்டுகிறான், தூங்குகிறான், போகிறான். உன் புருஷன் என்று பெயர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நகாய் அம்மாளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நீ ரயிலேறிய மறுநாளே, தெருச் சுற்றறிக்கைப் பலகையைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒங்க தம்பி சம்சாரத்த ரொம்ப நாளா காணோமே?" என்றாள். "நேத்துதான் போனா, அப்பாவப் பாக்க. நீங்க எப்ப ஒங்க மகளப் பாக்கப் போறீங்க?" என்றேன். மகள் பேச்சை எடுத்தால் பலகையோடு திரும்பிவிடுவாள்.

வந்த காகிதங்களுக்கெல்லாம் வழக்கம்போல நானே எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக வாசல் இழுப்பறையில் இருக்கும் நம் குடும்பப் பெயர் முத்திரையை வைத்து அனுப்பிவிட்டேன். நகராட்சிப் படிவம், தம்பியின் காப்பீடு, உன் கல்லூரித் தோழியின் கல்யாணத்துக்கு வாழ்த்து. ஆஸ்பத்திரியிலிருந்தும் அந்த வருடாந்திர உறை வந்தது. அதையும் கவனித்துவிட்டேன். நீ அதை நினைத்து மனதை அலட்டிக்கொள்ளாதே. அப்பாவைப் பார்.

கத்தரிக்காய் ஊறுகாய் தனியாக அனுப்புகிறேன். அப்பாவுக்குப் பொடியாக நறுக்கிக் கொடு. தொண்டையில் சிக்கப் போகிறது.

கயோ


ஹிரோசாகி
மே 2

அன்புள்ள கயோ அக்காவுக்கு,

இங்கே இப்போதுதான் செர்ரி பூத்திருக்கிறது. கோட்டை அகழித் தண்ணீர் தெரியவில்லை, எல்லாம் பூ. உங்களுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? மழைக்காலம் வருவதற்குள் அந்தத் தைலத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா நடக்கிறார். நடுக்கம் கூடியிருக்கிறது. பார்க்கின்சன் நோய் கூடிக்கொண்டுதான் போகும், குறையாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் ரயில் ஓட்டியவர் இல்லையா, எதையும் விரல் நீட்டி வாய்விட்டுச் சொல்லித்தான் செய்வார். அடுப்பைப் பார்த்து, "கேஸ் மூடியாச்சு, சரி" என்பார். கதவைப் பார்த்து, "தாழ்ப்பாள், சரி." இப்போது அந்த விரல் நடுங்குகிறது. எதைக் காட்டுகிறார் என்று நான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஃபோன் அவர் படுக்கைப் பக்கத்தில் இருப்பதால்தான் எழுதுகிறேன். நான் எழுதப் போகும் விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி உறையைக் கவனித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. 'தொடர்ந்து சேமிக்கவும்' என்ற கட்டத்தில் வட்டம் போட்டு அனுப்பாவிட்டால் அவர்கள் உறைய வைத்திருக்கும் கருவைக் களைந்துவிடுவார்கள். அந்தப் பயம் ஏப்ரல் முழுக்க என்னை அரித்தது. உங்களிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்காமலேயே நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

கியோத்தோ ஸ்டேஷனில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறது. "போதும் அக்கா. இனிமே என்னால முடியாது." மார்ச்சில் நடந்ததற்குப் பிறகு வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் இங்கே வந்து ஒரு மாதம் தூங்கி எழுந்த பிறகு மனது மாறிவிட்டது. உறைய வைத்த மூன்று கருவில் இரண்டு போய்விட்டன. ஒன்று இருக்கிறது. எனக்கு நாற்பத்தொன்று. இனிப் புதிதாக முட்டை எடுப்பதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒன்றைச் செப்டம்பரில் வயிற்றில் வைத்துக்கொள்ளப் போகிறேன். உங்கள் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

இத்சுமி


ஹிரோசாகி
மே 16

அன்புள்ள கயோ அக்காவுக்கு,

பதில் வரவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? நகாய் அம்மாளோடு சண்டை ஏதும் பெரிதாகிவிடவில்லையே? இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்து முடிகிற நேரம். அப்பா இரண்டு கிலோ இளைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் போன இலையுதிர்காலத்தில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கிக் கொடுத்த சின்னப் புத்தகம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். மிஞ்சிய கருவை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. கருவை உருக்கி, உள்ளே இருக்கும் கொஞ்சம் செல்களைப் பிரித்து வளர்ப்பார்களாம். ஸ்டெம் செல். எந்த உறுப்பாகவும் மாறக்கூடியது. நடுக்கம் வந்தவர்களின் மூளையில் அதை என்றாவது வைக்க முடியும் என்று நம்புகிறார்கள். இங்கே அப்பா தேநீர்க் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்திவிடுகிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் புத்தகம் ஞாபகம் வருகிறது. யாராவது கொடுக்கத்தான் வேண்டும், இல்லையா? பத்து பதினைந்து வைத்திருப்பவர்கள் கொடுக்கட்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நான் இப்படி நினைப்பது சுயநலமா, அக்கா?

ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் கோபமாக இருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

இத்சுமி


ஃபுஷிமி
மே 27

அன்புள்ள இத்சுமிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. இங்கே திடீர் வெயில். குளிர்காலப் படுக்கைகளை உலர்த்தி மடித்து வைப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. உன் அப்பா இரண்டு கிலோ இளைத்தது நல்லதல்ல. முட்டைக் கஞ்சி கொடு, மேலே கொஞ்சம் இஞ்சி.

மதுக் கிடங்குத் தெருவில் பழைய கிடங்கு ஒன்றை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்குகிறார்கள். நகாய் அம்மாளின் பூனை குட்டி போட்டு, எல்லாவற்றையும் நம் வீட்டுத் தரைக்கடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. நான் விரட்டவில்லை. சமையற்கட்டில் நிற்கும்போது பலகைக்கடியில் சத்தம் கேட்கிறது. இரண்டு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்று, சோறு குழைந்துவிட்டது.

செப்டம்பர் என்று எழுதியிருந்தாய். என்ன அவசரம்? அப்பாவை யார் பார்ப்பது? மார்ச்சில் உன் உடம்பு பட்ட பாட்டை மறந்துவிட்டாயா? முதலில் உடம்பு தேறட்டும். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நீ சுயநலக்காரி இல்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்கு முன் ஜன்னல் திரைகளைத் துவைத்துவிடு. பூசணம் பிடிக்கும்.

கயோ


ஹிரோசாகி
ஜூன் 14

அன்புள்ள கயோ அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். இங்கும் மழை தொடங்கிவிட்டது. முட்டைக் கஞ்சி அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. கிண்ணத்தைக் காட்டி, "காலி, சரி" என்கிறார்.

அப்பாவுக்குச் செப்டம்பர் முதல் பகல்நேரப் பராமரிப்பில் இடம் கிடைத்துவிட்டது. அத்தை மகளும் வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒரு மாதம் கிடைக்கும். இந்த ஊர் டாக்டரிடம் போய் ரத்தமெல்லாம் சோதித்துப் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை என்கிறார். மார்ச்சில் கரு கலைந்து ரத்தம் நிற்காமல் போனது அந்த ஒரு தடவைக்கான விபத்து, மறுபடி அப்படித்தான் ஆகும் என்று இல்லை என்றார். உங்கள் பயம் அதுதான் என்று எனக்குத் தெரியும். இனி அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன். குழந்தை தங்கினால், தொட்டிலை உங்கள் கிழக்கு அறையில்தான் போடப் போகிறேன். காலை வெயில் அங்கேதான் வருகிறது. உங்கள் தம்பி ஊரில் இருக்கப் போவதில்லை, எனக்குத் தனியாக வளர்க்கத் தெரியாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் விவாகரத்தாகி ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, அந்த அறையைக் கொடுத்தது நான் செய்த பெரிய உபகாரம் என்று நீங்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் அன்று எனக்குத்தான் துணை கிடைத்தது. அந்த அறையை விட்டு எங்கும் போய்விடாதீர்கள்.

செப்டம்பர் முதல் வாரத்துக்கு ஆஸ்பத்திரியில் நாள் வாங்கித் தர முடியுமா? அட்டை எண் வாசல் இழுப்பறையில், முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இத்சுமி


ஃபுஷிமி
ஜூலை 20

அன்புள்ள இத்சுமிக்கு,

இங்கே தாங்க முடியாத வெயில். கியோன் திருவிழாத் தேர்கள் முடிந்தும் புழுக்கம் அடங்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்?

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை, டாக்டரிடம் போக வேண்டிய வியாதி இல்லை.

ஆஸ்பத்திரியில் நாள் வாங்கவில்லை. இந்த வெயிலில் நீ வர வேண்டாம். செப்டம்பரிலும் வெயில் இருக்கும். நானே அங்கே வருகிறேன், நேரில் பேச வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். "அக்கா, நீ போயி அவளக் கலவரப்படுத்தாத. ஆறப்போடு" என்றான். அவன் எதையும் ஆறப்போடுகிறவன்தான். நான் டிக்கெட் வாங்கப் போய் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் நீ "போதும்" என்றாய். உன் கை எவ்வளவு சில்லென்று இருந்தது தெரியுமா? அதைச் சொன்னது நீதான், இத்சுமி. நான் அதைக் காதால் கேட்டேன்.

பூனைக்குட்டிகளை நகாய் அம்மாள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கயோ


ஹிரோசாகி
ஆகஸ்ட் 3

கயோ அக்காவுக்கு,

வெயில் காலத்து விசாரிப்புகள். நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது என் பெயருக்கு வருவதை இந்த முகவரிக்குத் திருப்பிவிடும்படி தபால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பல கடிதங்கள் அப்படியும் அங்கேதான் வந்திருக்கின்றன போலிருக்கிறது. இது மட்டும் வழி தெரிந்து இங்கே வந்துவிட்டது. தடித்த வெள்ளைத் தாள், ஆஸ்பத்திரியின் பெயர் பொறித்தது. அப்படியே எழுதுகிறேன்.

"திரு. இனாபா ஷூஜி, திருமதி இனாபா இத்சுமி அவர்களுக்கு. நீங்கள் இருவரும் மனமுவந்து அளித்த கரு, மருத்துவ ஆராய்ச்சிக்கென முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. நோயுற்றோரின் சார்பில் உங்கள் அரிய மனதுக்கு எங்கள் ஆழ்ந்த நன்றி."

அப்பா என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா விருது?" என்று கேட்டார்.

சம்மதப் படிவத்தில் இரண்டு பெயர், இரண்டு முத்திரை இருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு ஃபோன் செய்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் அக்கா பாத்துக்கிட்டா" என்றார்.

முத்திரையை யார் வைத்தது? முகத்தில் அடித்தாற்போல ஒரே வரியில் எழுதினால் போதும்.

இத்சுமி


ஃபுஷிமி
ஆகஸ்ட் 9

இத்சுமிக்கு,

நான்தான்.

ஒரே வரி கேட்டாய். எழுதிவிட்டேன். மிச்சத்தைப் படிக்க வேண்டாம் என்று நினைத்தால் இங்கேயே மடித்துவிடு.

ஏப்ரல் 19, காலை. தம்பிக்கு ஃபோன் செய்து, ஆஸ்பத்திரிக் காகிதம் வந்திருக்கிறது, மூன்று கட்டம் இருக்கிறது, எதில் வட்டம் போடுவது என்று கேட்டேன். "நீயே பாத்துக்கோக்கா" என்றான். நீ ஸ்டேஷனில் சொன்னது என் காதிலேயே இருந்தது. உன்னிடம் மறுபடி கேட்டால், வேண்டாம் என்று உன் கையாலேயே எழுத வேண்டியிருக்கும். அந்தப் பாவத்தை உன் கைக்குக் கொடுக்கக் கூடாது, நான் செய்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த வீட்டில் எல்லோருக்குமாக எழுதுவது நான்தானே. நூற்றுநாற்பது புத்தாண்டு அட்டையிலும் உன் பெயரை எழுதுவது நான்தானே. களைந்துவிடுங்கள் என்ற கட்டத்தைப் பார்த்தேன், கை வரவில்லை. ஆராய்ச்சி என்ற கட்டத்தில் போட்டேன். உன் அப்பாவைப் போன்றவர்களுக்கு ஆகட்டுமே என்று. அப்போது பார்சல்காரன் மணி அடித்தான். அவன் சீட்டில் முத்திரை வைத்தேன். வைத்த கையோடு, மை காய்வதற்குள், தம்பி பெயருக்கு நேரே ஒன்று, உன் பெயருக்கு நேரே ஒன்று. நம் மூன்று பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். அதில் யாருடைய விரல் அழுத்தியது என்று எழுதியிருக்காது.

நான்கு நாள் கழித்து நர்ஸ் ஃபோன் செய்தாள். "இனாபா அம்மாதானே? முடிவு உறுதிதானே?" என்றாள். "ஆமா, இனாபாதான். உறுதிதான்" என்றேன். விவாகரத்துக்குப் பிறகு நான் திரும்பப் பெற்ற ஒரே பொருள் அந்தப் பெயர். நானும் இனாபாதான்.

இதுவரை எழுதியது தப்பு. இனி எழுதுவது தப்பு இல்லை, தெரிந்தே செய்தது.

முப்பது நாளுக்குள் மனம் மாறினால் கருவைத் திரும்பப் பெறலாம் என்று படிவத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் பெயரைப் பிரித்து எடுத்துவிட்டு எண்ணை மட்டும் ஒட்டுவார்கள். உன் கடிதம் மே 6-ஆம் தேதி வந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். எனக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. ஒரு ஃபோன் போதும். மூன்று தடவை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உன் இரண்டாவது கடிதம் வந்தபோதும் ஒரு நாள் மிச்சம் இருந்தது.

மார்ச்சில் குளியலறைத் தரையில் உன்னை நான்தான் பார்த்தேன். ஆம்புலன்ஸ் போன பிறகு ஓடுகளைக் கழுவியதும் நான்தான். உன்னை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். இது நிஜம். ஆனால் இது மட்டும் நிஜம் இல்லை. நீ ஒருவேளை செத்துப்போவாய் என்ற பயத்துக்குப் பக்கத்திலேயே, நீ ஒருவேளை ஜெயித்துவிடுவாய் என்ற பயமும் இருந்தது. சின்ன வீடு. குழந்தை வந்தால் அறை வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது என்று நினைத்தேன். அந்தப் பதின்மூன்று நாளும் நான் உன்னை நினைக்கவில்லை. என் அறையை நினைத்தேன். இதை எழுதி எழுதி மூன்று தாள் கிழித்துவிட்டேன். நான்காவதைக் கிழிக்கப் போவதில்லை.

ஜூன் மாதம் தொட்டிலைப் பற்றி எழுதியிருந்தாயே. எங்கும் போய்விடாதீர்கள் என்று. அந்த வரியை ஆறு வாரம் முன்னால் எழுதியிருக்கக் கூடாதா, இத்சுமி. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அதைப் படித்த அன்று, கிழக்கு அறையில் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்காகத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

கயோ


ஹிரோசாகி
செப்டம்பர் 11

கயோ அக்காவுக்கு,

இங்கே காற்று மாறிவிட்டது. ஆப்பிள் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

கடிதம் முழுவதையும் படித்தேன். ஒரு தடவைதான். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து எழுதலாம் என்று இருந்தேன்.

போன வாரம் கியோத்தோவுக்கு வந்தேன். வீட்டுப் பக்கம் வரவில்லை. டாக்டர் அரைமணி நேரம் பொறுமையாகப் பேசினார். பெயரும் எண்ணும் பிரிந்துவிட்ட பிறகு எது யாருடையது என்று அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியாதாம். அப்படிச் செய்வது எங்கள் நன்மைக்குத்தானாம். அதையாவது சொல்லுங்கள், செல்கள் வளர்கின்றனவா என்று கேட்டேன். "பெரும்பாலும் தட்டுலயே நின்னு போயிடும்மா. ஒண்ணு ரெண்டுதான் பிழைக்கும். அது ஒங்களோடதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார்.

அந்த முத்திரையை நான் வைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் உங்களை விசாரிப்பார்கள், அந்த நர்ஸின் வேலை போகும், யார் கையிலும் எதுவும் திரும்பி வராது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். திரும்பும் வழியில் ஒரு கோயிலில், செத்துப்போன பிள்ளைகளுக்குச் செய்கிற பூசைக்குக் கேட்டேன். என்று போனது என்று குருக்கள் கேட்டார். போய்விட்டதா என்றே தெரியாது என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினார். உருக்கிய அன்றே செத்ததோ, ஏதோ ஒரு தட்டில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறதோ. துக்கப்படலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தம்பி ஃபோனில், "அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சா. முடிஞ்சத விடு" என்றார். அவருக்கு முடிந்துவிட்டது.

நேற்று செய்தித்தாளில், நடுக்க நோய்க்கு ஸ்டெம் செல் வைத்து எலிகளிடம் சோதிப்பதாக அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். அப்பாவால் தாளைப் பிடிக்க முடியாது, நான்தான் படித்துக் காட்டினேன். தம்பதிகள் கொடுத்த கருவிலிருந்து எடுத்தது என்ற இடம் வந்ததும், நிறுத்தச் சொன்னார். ஆடுகிற இரண்டு கையையும் ரொம்பப் பாடுபட்டு ஒன்று சேர்த்துக் கும்பிட்டார். "யாரு பெத்த மகராசியோ, பெரிய மனசு. நல்லா இருக்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏம்மா எந்திரிச்சுப் போற?" என்று கேட்டார்.

இத்சுமி


மைசுரு
அக்டோபர் 12

இத்சுமிக்கு,

இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

முகவரியைப் பார்த்திருப்பாய். இங்கே, இந்தத் துறைமுக ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் சமையற்கட்டு வேலை. தங்க ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள், நாலு பேருக்கு ஒரு அறை. அதே பெட்டியோடுதான் வந்தேன். கிழக்கு அறையைத் துடைத்துப் பாய்களை வெயிலில் போட்டு எடுத்து, காலியாக விட்டிருக்கிறேன். நீ திரும்பிப் போகும்போது நான் அங்கே இருக்கக் கூடாது. திரும்பிப் போ, இத்சுமி. அவன் சோம்பேறி, கெட்டவன் இல்லை.

வாசல் முத்திரையை இதோடு அனுப்புகிறேன். இனி அதை நான் தொட மாட்டேன்.

நீ என்னைத் திட்டவில்லை. கடிதத்துக்குக் கடிதம் உடம்பை விசாரிக்கிறாய். அதுதான் தாங்கவில்லை. ஒரு வரி திட்டி எழுது. கேட்டுக்கொள்கிறேன்.

கயோ


ஹிரோசாகி
நவம்பர் 25

கயோ அக்காவுக்கு,

நேற்று முதல் பனி. இவாகி மலை அடிவாரம் வரை வெளுத்துவிட்டது. மைசுருவிலும் கடல் காற்று குளிராக இருக்கும். முட்டிக்குக் கம்பளி சுற்றிக்கொண்டுதான் சமையற்கட்டில் நிற்கிறீர்களா?

அப்பாவுக்கு இப்போது என்னை அடையாளம் தெரியாத நாட்களும் உண்டு. அடுப்பை மட்டும் மறக்கவில்லை.

இந்த உறையில் விவாகரத்துப் படிவம் இருக்கிறது. உங்கள் தம்பியிடம் ஃபோனில் பேசியாயிற்று. "நீ சொன்னா சரி" என்றார். அவருக்கு அனுப்பினால் அவர் உங்களுக்குத்தான் அனுப்புவார் என்பதால் நேராகவே அனுப்புகிறேன். என் பக்கத்தை நிரப்பிவிட்டேன். அப்பாவைப் போல ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பெயர், சரி. முகவரி, சரி. பிள்ளைகளின் பெயர் எழுதுகிற கட்டம் ஒன்று இருக்கிறது. காலி, சரி.

அவருடைய கட்டத்தை நிரப்பவில்லை. எப்போதும்போல நீங்களே எழுதிவிடுங்கள். உங்கள் கையெழுத்துதான் இந்த வீட்டில் அழகு. வாசல் முத்திரையையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் பெயருக்கு நேரே வைத்துவிடுங்கள்.

அந்த முத்திரையையே நானும் வைக்கலாம் என்றுதான் நகர அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஜன்னலில் இருந்த பெண், இருபத்தைந்து வயது இருக்கும், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே முத்திரை செல்லாதுங்க. அவங்கவங்க சம்மதம்னு எங்களுக்குத் தெரியணும்ல" என்றாள். அதனால் எதிர்க் கடையில், ஆயத்த முத்திரைகள் அடுக்கிய சுழலும் தட்டில் இருந்து இனாபா என்று ஒன்றை எடுத்து வாங்கினேன். ஒரே ஒரு தடவை வைப்பதற்காக.

புருஷனும் பெண்டாட்டியும் பிரிய ஆளுக்கொரு முத்திரை வேண்டுமாம், அக்கா. பிள்ளையைக் கொடுக்க நம் வாசல் முத்திரை ஒன்றே போதுமாக இருந்தது.

நீங்கள் கேட்ட வரி இதுதான். குளிரில் வெளியே நிற்காதீர்கள்.

இத்சுமி